சுள்ளென்று வெயில்... ஆனால் அருவியில் குளிக்கத் தடை! பாபநாசம், மணிமுத்தாறில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. நெல்லையிலிருந்து வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, துண்டும் மாற்றுத்துணியுமாக மணிமுத்தாறு வனச் சோதனைச்சாவடியில் வந்து நிற்கிறது ஒரு குடும்பம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனால் வனத்துறை ஊழியர் கையை விரிக்கிறார்.

"என்ன சார், மழையே இல்லையே?"

"இங்க இல்ல அண்ணாச்சி. மேல ஊத்துல ராத்திரி பூரா கொட்டியிருக்கு. அருவியில தண்ணி எக்கச்சக்கமா வருது. இன்னைக்கு விட முடியாது."

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் சாவடியில் அடிக்கடி நடக்கிற பேச்சுதான் இது. கொஞ்ச நேரத்தில் செல்போனைப் பார்த்தால் இன்னொரு செய்தி ஓடும்: 'மணிமுத்தாறு அருவியில் குளிக்கத் தடை, அகஸ்தியர் அருவியில் அனுமதி'. அகஸ்தியர் அருவி இருப்பதோ அரை மணி நேரப் பயண தூரத்தில். ஒரே மலைத்தொடர், ஒரே நாள். அங்கே குளிக்கலாம், இங்கே குளிக்கக் கூடாது என்றால் எப்படி? வேனில் வந்தவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

இதற்கான விடை தெரிந்துவிட்டால், தாமிரபரணி பள்ளத்தாக்கில் ஒரு நாள் சுற்றுலாவை ஏமாற்றமில்லாமல் திட்டமிடலாம். உயிருக்கும் ஆபத்தில்லாமல் வீடு திரும்பலாம்.

முதலில் இந்த இடத்தைப் புரிந்துகொள்வோம்

நெல்லையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் பாபநாசம். அதற்குப் பின்னால் சுவர் போல எழுந்து நிற்பதுதான் பொதிகை மலை. அதன் உச்சியான அகத்தியர் கூடம் 1,868 மீட்டர் உயரம். அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்த மலையில் பிறந்து, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேருகிறது தாமிரபரணி. மொத்த நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலைத் தொடும் வற்றாத ஆறு என்று நெல்லைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

இந்த மலைப்பகுதி முழுக்க களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் சரணாலயங்களாகின. 1988-ல் இரண்டையும் சேர்த்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். பலர் இதை 'தேசிய பூங்கா' என்று சொல்வதுண்டு. சட்டப்படி அது வேறு, இது வேறு. ஆனால் சுற்றுலா போகிறவருக்கு விஷயம் ஒன்றுதான்: சாவடியைத் தாண்டிவிட்டால் அது காட்டு விலங்குகளின் வீடு. அங்கே வனத்துறை வைத்ததுதான் நேரம், வனத்துறை சொன்னதுதான் விதி.

காட்டுக்குள் மழை எவ்வளவு பெய்கிறது என்பது முக்கியம். நெல்லைச் சமவெளியில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 70-80 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் காக்காச்சியில் அது 300 சென்டிமீட்டரை ஒட்டி வரும். கிட்டத்தட்ட நாலு மடங்கு! பறவை பறக்கும் தூரத்தில் கணக்கிட்டால் இரண்டு இடங்களுக்கும் இடையே பெரிய தொலைவில்லை. மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் வெளியிடும் மழை அளவுப் பட்டியலைக் கவனித்தால் தெரியும். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற நாலு பெயர்கள்தான் முதல் இடங்களுக்குப் போட்டி போடும். பாளையங்கோட்டையில் தூறல்கூட இருக்காது.

தென்மேற்குப் பருவமழையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை உச்சிக்குச் சாரலும் மழையும் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். இரண்டு பருவத்திலும் நனையும் மலை இது. மேலே உள்ள சோலைக்காடுகளின் மண் அந்தத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. ஆறு வற்றாததற்கு முதல் காரணம் அணை இல்லை, இந்தக் காடுதான்.

அணைக்கு மேலே அருவியா? கீழே அருவியா?

இப்போது சாவடியில் எழுந்த கேள்விக்கு வருவோம். மணிமுத்தாறு அருவியும் அகஸ்தியர் அருவியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பாறை, வெள்ளை நுரை, கம்பித் தடுப்பு, கீழே கூட்டம். ஆனால் அடிப்படையில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மணிமுத்தாறு அணை 1958-ல் பயன்பாட்டுக்கு வந்தது, 118 அடி உயரம். மணிமுத்தாறு அருவி இருப்பது இந்த அணைக்கு மேலே. அதாவது மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து மலைகளில் விழும் மழை ஓடைகளாகச் சேர்ந்து, நேராக அருவியில் விழுந்து, அதற்கப்புறம்தான் அணைக்குப் போகிறது. நடுவில் தடுத்து நிறுத்த எதுவும் கிடையாது. மேலே மழை பெய்தால் அருவியில் வெள்ளம். அவ்வளவுதான் கணக்கு.

அகஸ்தியர் அருவி அப்படியில்லை. அதற்கு மேலே காரையாறில் 143 அடி உயர பாபநாசம் அணை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 1940-களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது. பக்கத்துக் கிளையாறான சேர்வலாறில் 1980-களில் கட்டிய 156 அடி அணை ஒன்று. இரண்டு அணைகளையும் ஒரு சுரங்கப்பாதை இணைக்கிறது. மலையில் பெய்யும் மழையை முதலில் இந்த அணைகள் வாங்கி வைத்துக்கொள்ளும். விவசாயத்துக்கும், குடிநீருக்கும், மின்சாரத்துக்கும் எவ்வளவு தேவையோ அந்த அளவுக்குத் திறந்து விடுவார்கள். பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின் நிலையம் இயங்குகிறது. அகஸ்தியர் அருவிக்குப் போகும் வழியில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்களே, அது அதற்குத்தான்.

ஆக, அகஸ்தியர் அருவியில் விழுவது பெரும்பாலும் அணை அளந்து கொடுக்கும் தண்ணீர். குற்றாலம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் இங்கே குளிக்க முடிவதற்கு இதுதான் காரணம். அணை காலியாக இருக்கும் நேரத்தில் மேலே ஒரு நாள் பேய்மழை பெய்தாலும், அணை அதை விழுங்கிக்கொள்ளும். அருவியில் பெரிதாக மாற்றம் தெரியாது. அதே மழையில் மணிமுத்தாறு அருவி மிரட்டும். ஒரே நாளில் இரண்டு விதமான அறிவிப்பு வருவது இதனால்தான்.

அப்படீன்னா அகஸ்தியர் அருவி எப்போதும் பாதுகாப்பா? அதுதான் இல்லை. அணை முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிவிட்டால் கதை தலைகீழாக மாறும். வாங்கி வைக்க இடமில்லாத அணை, வருகிற தண்ணீரை அப்படியே வெளியே தள்ளியாக வேண்டும். அதைத்தான் 'உபரிநீர் திறப்பு' என்கிறார்கள். போதாக்குறைக்கு, அணைக்கும் அருவிக்கும் நடுவே உள்ள காட்டில் பெய்யும் மழைக்கு எந்த அணையும் கிடையாது.

இதனால் செய்தியில் 'பாபநாசம் அணை நீர்மட்டம்' என்று வரும் ஒற்றை எண்ணை விவசாயிகள் மட்டும் அல்ல, குளிக்கப் போகிறவர்களும் பார்க்க வேண்டும். 143-க்கு அது எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதே கேள்வி. 70, 80 அடி என்றால் அணையில் இடம் இருக்கிறது. 138, 140 என்று போய்விட்டால், மலையில் மழை எச்சரிக்கையும் இருந்தால், அன்றைக்கு வேறு திட்டம் போடுவது நல்லது.

கனஅடி, கனஅடி என்கிறார்களே...

'அணையிலிருந்து விநாடிக்கு 1,000 கனஅடி தண்ணீர் திறப்பு' என்று செய்தி வாசிக்கும்போது பலருக்கு அது எவ்வளவு என்று பிடிபடுவதில்லை. ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். ஆயிரம் கனஅடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 28,000 லிட்டருக்கு மேல். ஊரில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டை ஒரே விநாடியில் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்? அதுதான் ஆயிரம் கனஅடி.

இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். முழங்காலுக்குக் கீழே ஓடும் வெள்ளமே ஒரு பெரிய ஆளைச் சாய்த்துவிடுவது இப்படித்தான். நீச்சல் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. பாறை மேல் விழுந்து அடிபட்டவருக்கு நீச்சல் அடிக்க நேரம் கிடைக்காது.

2024 மே 17: பழைய குற்றாலம்

தடை போட்டால் 'ஓவரா பண்றாங்க' என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்தின் சிற்றாறும் தாமிரபரணியின் துணையாறுதான். 2024 மே 17, கோடை விடுமுறைக் காலம். பழைய குற்றாலம் அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையால் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. மக்கள் அலறியடித்துப் படிக்கட்டில் ஓடிய வீடியோவை அன்று பார்க்காத ஆளே இல்லை எனலாம். நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

பழைய குற்றாலத்துக்கு மேலேயும் அணை கிடையாது. அதாவது அது மணிமுத்தாறு அருவியின் ரகம். மலையின் இந்தப் பக்கச் சரிவு செங்குத்தானது. உச்சியில் பெய்த மழை சமவெளியைத் தொட நாள் கணக்கில் காத்திருக்காது. கீழே நிற்பவருக்கு மேலே மழை பெய்வதே தெரியாது, சத்தமும் கேட்காது. அதனால்தான் வனத்துறையும் காவல்துறையும் கீழே உள்ள வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை.

வெந்நீர் ஊற்றுக்காவது 'டைம்டேபிள்' உண்டு

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற தேசிய பூங்கா இருக்கிறது. 1872-ல் அறிவிக்கப்பட்டது, உலகின் முதல் தேசிய பூங்கா என்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது பீய்ச்சியடிக்கும் வெந்நீர் ஊற்றுகள். பூமிக்கு அடியில் அதிக ஆழமில்லாத இடத்தில் எரிமலைச் சூடு. மேலே பனியும் மழையும் கொடுத்த தண்ணீர். நடுவில் குறுகலான பாறைக் குழாய். குக்கரில் விசில் வருகிற மாதிரி, அழுத்தம் தாங்காமல் கொதிநீர் வானத்தை நோக்கிப் பாயும். 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்ற ஊற்று சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பொங்குகிறது. அடுத்து எப்போது பொங்கும் என்று பூங்கா ஊழியர்கள் பலகையில் எழுதியே வைக்கிறார்கள். பத்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

தமிழர்களுக்குத் தெரிந்த வெந்நீர் ஊற்று என்றால் இலங்கை திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா. ஏழு கிணறுகள். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் மணிகரண் பிரபலம். பொதிகையில் அப்படி எதுவும் இல்லை. இது மிகப் பழைய பாறை, அடியில் எரிமலைச் சூடு கிடையாது. 'ஊத்து' என்ற பெயரைக் கேட்டு யாரும் வெந்நீரை எதிர்பார்த்துப் போய்விட வேண்டாம். அங்கே கிடைப்பது குளிர்ந்த மழை, அட்டைக்கடி இரண்டும்தான்.

யெல்லோஸ்டோனை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பார்வையாளர்கள் மரப்பலகை நடைபாதையை விட்டு ஓரடிகூட இறங்கக் கூடாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும் தரை, மெல்லிய ஓடாக இருக்கும், கீழே கொதிநீர். அந்தப் பூங்காவில் இயற்கை அம்சங்களிலேயே அதிகம் பேரைக் காயப்படுத்தியதும் கொன்றதும் வெந்நீர் ஊற்றுகள்தான் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. கரடி இல்லை, காட்டெருமை இல்லை. நம்ம ஊரிலும் புலிகள் காப்பகம் என்றதும் புலியை நினைத்துப் பயப்படுகிறோம். ஆனால் ஆளை அடித்துக்கொண்டு போவது தண்ணீர். அருவிக் கம்பித் தடுப்பும் அந்த மரப்பலகை மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே அடுத்த வெள்ளம் எத்தனை மணிக்கு வரும் என்று எந்தப் பலகையிலும் எழுத முடியாது.

வெள்ளம் வருவதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தெளிந்து ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கி செம்மண் நிறத்துக்கு மாறினால், அதுவே முதல் மணி. இலை, சுள்ளி, குப்பை மிதந்து வரத் தொடங்கினால் இரண்டாவது. அருவியின் இரைச்சல் கனமாக மாறும். சற்று முன் உட்கார்ந்திருந்த பாறை நனைய ஆரம்பிக்கும். இதில் எந்த ஒன்றைப் பார்த்தாலும் சட்டை, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏற வேண்டும். ஆற்றின் போக்கிலேயே கீழே ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும். எதிர்க்கரையில் சிக்கிக்கொண்டால் கடந்து வர முயற்சிக்காமல் உயரமான இடத்தில் இருந்துகொண்டு உதவிக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

வெள்ளமே இல்லாத நாளிலும் ஆற்றில் 'கசம்' இருக்கிறது. நெல்லைப் பக்கம் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளத்துக்கு அதுதான் பெயர். மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாகக் கண்ணாடி மாதிரி நிற்கும். உள்ளே இறங்கினால் தரை தட்டாது. உள்ளூர்க்காரர் யாராவது "அங்க கசம் இருக்குய்யா, போவாத" என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்து செல்ஃபி எடுக்க ஒதுக்குப்புறமான பாறையைத் தேடிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள்.

ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம்?

அதிகாலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. நெல்லை புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசத்துக்குப் பேருந்து உண்டு. ரயில் என்றால் தென்காசி மார்க்கத்தில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கலாம். சேரன்மகாதேவி தாண்டியதும் ஜன்னலோரம் வயலும் வாழையும், தூரத்தில் நீலமாக மலையும்... அந்தப் பயணமே பாதிச் சுற்றுலா.

பாபநாசத்தில் முதலில் பாபநாசநாதர் கோவில். நவகைலாயத் தலங்களில் முதலாவது. கோவிலுக்கு எதிரே படித்துறை, அதில் கூட்டம் கூட்டமாக மீன்கள். அங்கிருந்து மலையேறினால் வனச் சோதனைச்சாவடி. பிளாஸ்டிக் பை, மது பாட்டில் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கும் அனுமதி இல்லை. நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காலையிலேயே அகஸ்தியர் அருவியில் குளித்து முடித்துவிட்டால் கூட்டத்தில் சிக்க வேண்டியதில்லை. அருவிப் பக்கம் குரங்குகள் அதிகம். பிஸ்கட் கொடுத்துப் பழக்கியது மனிதர்கள்தான். இப்போது பையைப் பிடுங்குகிறது என்று புகார் சொல்வதும் அதே மனிதர்கள்தான்.

மேலே முண்டந்துறை வழியாகப் போனால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில். ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு இங்கே லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். அந்தச் சமயத்தில் தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும், அரசுச் சிறப்புப் பேருந்தில்தான் போக வேண்டியிருக்கும். சாதாரண நாளில் கோவில் அமைதியாக இருக்கும், பக்கத்தில் ஆறு. அதற்கும் மேலே பாபநாசம் அணை. அணையின் அந்தக் கோடியில் பாணதீர்த்தம் அருவி இருக்கிறது. படகில் போய் பாணதீர்த்தத்தில் குளித்த கதையை நெல்லையில் முப்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. பழைய வீடியோவை நம்பிப் போகாமல், அனுமதி உண்டா இல்லையா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி அம்பையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ நிறுத்தலாம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒரு கட்டு வாங்காமல் திரும்பினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும். பிறகு மணிமுத்தாறு அணை, அனுமதி இருந்தால் அருவி. நிலவரம் நன்றாக இருந்தாலும் மாலைக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்தி சாய்ந்ததும் சாலை யானைக்கும் கரடிக்கும் சிறுத்தைக்கும் சொந்தம்.

மாஞ்சோலையை இதே நாளில் சேர்க்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். சேர்க்காமல் இருப்பதே நல்லது. மணிமுத்தாறிலிருந்து மேலே ஏறும் சாலை குறுகலானது, ஊசி வளைவுகள் நிறைந்தது. சொந்த வாகனத்துக்கு வனத்துறை முன்அனுமதி வேண்டும், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விடமாட்டார்கள். 2023 ஜூனில் கேரளாவிலிருந்து வந்த அரிக்கொம்பன் யானையை தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் கொண்டுபோய் விட்டது இந்தப் புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில்தான். சில மாதங்களில் அது மாஞ்சோலை எஸ்டேட் பக்கமே வந்து எட்டிப் பார்த்தது.

மாஞ்சோலைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் உருவான தேயிலைத் தோட்டம் அது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல் நிறுவனம் வேலையை நிறுத்திக்கொள்ள, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. 'பனிமூட்டம் சூப்பர்' என்று ரீல்ஸ் போடுகிறவர்கள், பின்னால் தெரியும் அந்த வரிசை வீடுகளையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

வெள்ளம் இல்லாமலும் தடை வருமே?

வரும். ஒவ்வோர் ஆண்டும் புலிகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் காப்பகத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை.  கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் கட்டுப்பாடு வரலாம். வெள்ளத்தில் கம்பித் தடுப்போ பாதையோ சேதமானால், சரிசெய்து முடிக்கும் வரை மூடி வைப்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயிலே சிக்கி நின்றது. தாமிரபரணி கரை புரண்டது. அந்த மாதிரி நேரங்களில் அருவியைத் திறக்கும் நாளை முடிவு செய்வது ஒரே அலுவலகம் அல்ல. அணைத் தண்ணீர் நீர்வளத்துறை கையில், மின் நிலையம் மின்வாரியத்தின் கையில், அருவி வனத்துறை கையில், எச்சரிக்கை மாவட்ட நிர்வாகத்தின் கையில். இவர்களுக்குள் தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சீக்கிரம் சாவடிக்கும் தெரியும். இங்கேதான் ஒரு குறை இருக்கிறது: நெல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வந்த பிறகு, சாவடியில் நின்றுதான் பலருக்குத் தடை பற்றித் தெரிகிறது. தடை சரிதான். ஆனால் அதைக் காலை ஆறு மணிக்கே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அறிவித்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு உள்ளூர் அளவுகோல் இருக்கிறது. நெல்லை குறுக்குத்துறை முருகன் கோவில், ஆற்றுக்குள்ளேயே கட்டப்பட்டது. கோவில் மண்டபத்தைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்று வீடியோ வந்தால், அன்றைக்கு மலைப்பக்கம் அருவியைப் பற்றி விசாரிக்கவே வேண்டாம்.

ஆற்றில் துணியை விட வேண்டாம்

பாபநாசம் படித்துறையில் பரிகாரம், திதி முடித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விடும் வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துணி கரைந்து போவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி, மண்ணோடு சேர்ந்து, குளிக்க இறங்குபவரின் காலைச் சுற்றுகிறது. தன்னார்வலர்கள் இறங்கி அள்ளும்போது மூட்டை மூட்டையாக வெளியே வரும். இந்த ஆறுதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர். மேலே விட்ட துணியும் ஷாம்பு பாக்கெட்டும் கீழே குடிக்கிற தண்ணீரோடுதான் பயணம் செய்கின்றன.

சரி, தடை போட்டாச்சு. வேனைத் திருப்ப வேண்டியதுதானா?

தேவையில்லை. வீரவநல்லூர், முக்கூடல் பக்கம் திருப்புடைமருதூர் இருக்கிறது. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோவில். கோபுரத்துக்குள் பழைய ஓவியங்களும் மரச்சிற்பங்களும் உண்டு. கோவிலைச் சுற்றியுள்ள மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவதால், 2005-ல் அந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் பறவைகளைத் தொந்தரவு செய்வதில்லை. வருகிறவர்களும் சத்தம் போடாமல் இருந்தால் போதும். ஆற்றில் வெள்ளம் போகும் நாளில் இங்கேயும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து அந்தப் புளியோதரையைப் பிரிக்கலாம்.